அணு எரிபொருளைச் சோதிக்கும் வேதியியலாளர் வேலை: ஆய்வகத்துக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி இதுதான்: “எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். பகுப்பாய்வு வேதியியல்தான் பிடித்த பாடம். யுரேனியம், புளூட்டோனியம் போன்றவற்றைச் சோதிக்கும் வேலைக்குப் போக ஆசை. அங்கே உண்மையில் என்ன செய்வார்கள்? ‘வெறும் டைட்ரேஷன்தான், அதற்குப் போய் எதற்கு’ என்கிறான் நண்பன். கதிர்வீச்சு என்று வீட்டில் பயப்படுகிறார்கள். சேர்வதற்கு என்ன வழி?”

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. டைட்ரேஷன் (அடர்த்தி தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, தெரியாத அளவைக் கண்டுபிடிப்பது) உண்டு, நிறையவே உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கான அளவுக் குழாயான பியூரெட்டைத் தொடாமல் கழிந்த மாதங்கள் குறைவு. ஆனால் “அதற்குப் போய் எதற்கு” என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அணுப்பிளவு என்று ஒன்று இருப்பதே வேதிப் பகுப்பாய்வு செய்தவர்களால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மானும் நியூட்ரான் பாய்ந்த யுரேனியத்தில் ரேடியம் உண்டாகிறது என்று நினைத்து அதைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். துணைக்குப் பேரியம் உப்பைச் சேர்த்துப் படிகமாக்கி, மறுபடி கரைத்து மறுபடி படிகமாக்கினார்கள். உண்மையான ரேடியமாக இருந்திருந்தால் சில சுற்றிலேயே பேரியத்திலிருந்து விலகத் தொடங்கியிருக்கும். இது விலகவே இல்லை. தங்கள் கைமுறையில் தவறோ என்று சந்தேகப்பட்டு, ரேடியம்தான் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை எடுத்து அதே முறையில் செய்து பார்த்தார்கள். அது ஒழுங்காகப் பிரிந்தது. அப்படியானால் இது ரேடியமே இல்லை, பேரியம்தான். யுரேனியம் அணு இரண்டாக உடைந்திருக்கிறது. அதற்கு இயற்பியல் விளக்கம் தந்தவர்கள் லிசா மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும். அந்த விளக்கத்துக்கு வழி திறந்தது, “தெரிந்த பொருளை வைத்து முறையைச் சோதித்துப் பார்” என்று நம் ஆய்வகங்களில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

சரி, அன்றாட வேலைக்கு வருகிறேன். அணு எரிபொருளில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் நான்கு கேள்விகள். யுரேனியமோ புளூட்டோனியமோ எவ்வளவு இருக்கிறது, அதில் எந்தெந்த ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள வகை) என்ன விகிதத்தில் இருக்கிறது, வேண்டாத அசுத்தங்கள் என்னென்ன, ஆக்சிஜன் கார்பன் போன்றவை சரியான விகிதத்தில் சேர்ந்திருக்கின்றனவா. உலையில் எரிந்து வெளியே வந்த எரிபொருளாக இருந்தால் எவ்வளவு எரிந்தது என்ற கேள்வியும் சேரும்.

யுரேனியத்தின் அளவைப் பார்க்க இன்றைக்கும் உலகெங்கும் பயன்படுவது 1964-இல் டேவிஸ், கிரே என்ற இருவர் வெளியிட்ட முறை. அடர்ந்த பாஸ்பாரிக் அமிலத்தில் யுரேனியக் கரைசலை எடுத்துக்கொண்டு ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்தால் ஆறு மதிப்பு யுரேனியம் நான்கு மதிப்புக்கு இறங்கும் (மதிப்பு என்பது அணு எத்தனை எலக்ட்ரானை இழந்த நிலையில் இருக்கிறது என்ற கணக்கு). மிஞ்சிய ஃபெரஸை நைட்ரிக் அமிலமும் கொஞ்சம் மாலிப்டேட்டும் சேர்த்து அழிக்க வேண்டும். அந்த நேரத்தில் பீக்கர் முழுக்கக் கரும்பழுப்பாக மாறும். பிறகு, கண்ணுக்கு முன்னாலேயே, அந்தக் கருமை சட்டென்று கலைந்துவிடும். அது கலைந்த நொடியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் காத்திருந்து, தண்ணீரும் வனேடியமும் சேர்த்து, தாமதிக்காமல் பொட்டாசியம் டைகுரோமேட்டால் முடிக்க வேண்டும். டைகுரோமேட்டைப் பியூரெட் கன அளவில் நம்புவதில்லை; பெரும்பகுதியை எடைபோட்டுச் சேர்த்துவிட்டு, கடைசிச் சொட்டுகளுக்கு மட்டும் நீர்த்த கரைசல். எடைபோடும்போது காற்றின் மிதப்புக்குக்கூடத் திருத்தம் போடுவோம். கல்லூரியில் நீங்கள் இரண்டாம் தசம இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள். இங்கே ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே “ஏன்” என்று கேட்பார்கள்.

ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு சின்னக் கணக்கு. ஜப்பானின் ரொக்காஷோவில் ஆண்டுக்கு 800 டன் எரிந்த எரிபொருளைக் கையாளும் திறனோடு ஒரு மறுபதப்படுத்தும் ஆலையை, அதாவது அதிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்கும் ஆலையை, வடிவமைத்திருக்கிறார்கள். எரிந்த எரிபொருளில் ஏறத்தாழ 1% புளூட்டோனியம் என்று வைத்தால் ஆண்டுக்கு 8 டன். அதில் 0.1% என்றால் 8 கிலோ. பன்னாட்டு அணுசக்தி முகமை, ஓர் அணுகுண்டு செய்யும் வாய்ப்பைத் தள்ளிவிட முடியாத அளவு என்று புளூட்டோனியத்துக்குக் குறித்திருப்பதும் அதே 8 கிலோதான். ஆக, பியூரெட்டின் முன் நிற்பவர் 0.1% தவறாகப் படித்துக்கொண்டே இருந்தால், கணக்கில் ஒரு குண்டுக்கான சரக்கு வந்து சேரும் அல்லது காணாமல் போகும். எங்கேயும் ஒரு கிராம்கூட நகர்ந்திருக்காது. ஆனால் கணக்கு இடிக்கும். இதைச் சொல்லித்தான் எனக்கு மூத்தவர் ஒருவர் முதல் வாரத்தில் டைகுரோமேட் கரைசல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு அந்த வேலையை நான் ஒருநாளும் இலேசாக எடுத்துக்கொண்டதில்லை.

புளூட்டோனியம் என்றால் எல்லாமே க்ளவ் பாக்ஸுக்குள். எஃகும் கண்ணாடி போன்ற தெளிவான பலகையும் கொண்ட பெட்டி. உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர உள்ளிருப்பது வெளியே வராது. கையுறைகள் பெட்டியோடு சேர்ந்தே இருக்கும். தடித்த ரப்பருக்குள் கையை விட்டு, ஒரு மில்லிலிட்டர் குப்பியின் மூடியைத் திருகுவதைக் கற்றுக்கொள்ளவே சில வாரம் ஆகும். வெறும் தண்ணீரை வைத்துத்தான் முதலில் பழக்குவார்கள். பெட்டியின் உயரம் உங்கள் தோளுக்கு ஒத்துவராது, மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. கையை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆல்பா கண்காணிப்புக் கருவியில் உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு என்று காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. பெட்டியிலிருந்து ஒரு குப்பியை வெளியே எடுப்பதென்றால் பிவிசி பைக்குள் தள்ளி, பையை வெப்பத்தால் ஒட்டி, ஒட்டிய இடத்தின் நடுவில் வெட்டி எடுப்போம். இரண்டு பக்கமும் மூடியபடியே இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் நான் முதன்முதலாகப் பார்த்த நிறங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. மூன்று மதிப்புப் புளூட்டோனியம் நீலம். நைட்ரிக் அமிலத்தில் நான்கு மதிப்புப் புளூட்டோனியம் பச்சை. ஒரே தனிமம், எலக்ட்ரான் ஒன்று போனால் வேறு ஆள். இதை வைத்தே பிரிக்கவும் செய்யலாம்: அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் நான்கு மதிப்புப் புளூட்டோனியம் எதிரயனிப் பிசினில் ஒட்டிக்கொள்ளும், யுரேனியத்தின் பெரும்பகுதியும் அமெரிசியமும் வழிந்து போய்விடும். அளவு கூடுதலாக இருந்தால் பிசினில் பச்சைப் பட்டையாக அது நிற்பது கண்ணுக்கே தெரியும்.

இப்படிப் பிரிப்பது எதற்கென்றால், அடுத்த கட்டமான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு (அயனிகளை நிறைப்படி பிரித்து எண்ணும் கருவி) நிறை எண் மட்டும்தான் தெரியும். அதன் கண்ணுக்கு யுரேனியம்-238-உம் புளூட்டோனியம்-238-உம் ஒன்று, புளூட்டோனியம்-241-உம் அமெரிசியம்-241-உம் ஒன்று. கருவி எத்தனை கோடி ரூபாய் பெறுமானம் என்றாலும் முன்னால் ஒரு வேதியியலாளர் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்காவிட்டால் அது சொல்வது பொய். பிரித்த கரைசலில் ஒரு துளியை ரீனியம் இழையில் உலர்த்தி, வெற்றிடத்தில் சூடாக்கி, அயனிகளை எண்ணுவார்கள். ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த புளூட்டோனியமே போதும்.

அளவு தெரிந்துகொள்வதற்கும் இதே கருவியை ஒரு அருமையான உத்தியால் பயன்படுத்துகிறோம். ஒரு மூட்டை வெள்ளை உளுந்தில் எத்தனை மணி இருக்கிறது என்று தெரிய வேண்டும். எண்ணி ஆயிரம் கருப்பு உளுந்தை அதில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். பிறகு ஒரு பிடி அள்ளி, வெள்ளைக்கும் கருப்புக்கும் என்ன விகிதம் என்று பாருங்கள். மூட்டைக் கணக்கு வந்துவிடும். அள்ளிய பிடி பெரிதா சிறிதா, வழியில் கொஞ்சம் சிந்தியதா என்பது பொருட்டே இல்லை. கருப்பு உளுந்துக்குப் பதிலாக நாங்கள் போடுவது யுரேனியம்-233, புளூட்டோனியம்-242 போன்ற அபூர்வ ஐசோடோப்புகள். எரிந்த எரிபொருளைக் கரைத்த கடும் கதிர்வீச்சுள்ள கரைசலில் நேராக டைட்ரேஷன் செய்ய முடியாத இடத்தில் இதுதான் கைகொடுக்கும். நன்றாகக் கலக்க வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். சேர்த்த புளூட்டோனியமும் இருந்த புளூட்டோனியமும் வெவ்வேறு மதிப்பு நிலையில் இருந்தால் எத்தனை முறை குலுக்கினாலும் அவை வேதியியல்படி கலக்கவில்லை என்றே அர்த்தம். முதலில் குறைத்து, பிறகு ஏற்றி, இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த வேலையின் பெருமைக்கு நான் எப்போதும் சொல்லும் இரண்டு சம்பவங்கள் உண்டு. 1972-இல் பிரான்ஸின் பியர்லாட் ஆலையில் யுரேனியம் மாதிரி ஒன்றை வழக்கம்போல் அளந்தார்கள். பூமியில் எங்கே எடுத்தாலும் யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7202. அன்று வந்தது 0.7171. வித்தியாசம் மூன்றாம் தசம இடத்தில். கருவிக் கோளாறு என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் விடவில்லை. மாதிரி வந்த வழியைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனார்கள். ஆப்பிரிக்காவில் கபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில் போய் நின்றது. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாதுவுக்குள் தானாகவே ஓர் அணு உலை ஓடியிருக்கிறது. குறைந்த யுரேனியம்-235 அதில் எரிந்துபோனது. நிலத்தடி நீரே நியூட்ரானின் வேகத்தைத் தணிக்கும் வேலையைச் செய்திருக்கிறது. இயற்கை உலைகள் இருந்திருக்கலாம் என்று பால் குரோடா 1956-லேயே கணித்திருந்தார். மெய்ப்பித்தது அன்றாட அளவீடு செய்த ஓர் ஆய்வகம்.

இரண்டாவது, வட கொரியா. 1992-இல் பன்னாட்டு முகமையின் ஆய்வாளர்கள் அங்கே போனபோது, “1990-இல் ஒரே ஒரு முறை, 90 கிராம் அளவுக்குப் புளூட்டோனியம் பிரித்தோம், அவ்வளவுதான்” என்று அந்நாடு சொல்லியிருந்தது. ஆய்வாளர்கள் ஆய்வகத்தின் உட்பரப்புகளைத் துணியால் துடைத்து எடுத்து வந்தார்கள். புளூட்டோனியம்-241 சிதைந்து அமெரிசியம்-241 ஆகும். அரைவாழ்வு சுமார் 14 ஆண்டு. புளூட்டோனியத்தைப் பிரித்துச் சுத்தம் செய்த நாளில் அமெரிசியம் பூஜ்யம். அன்றிலிருந்து அது சேர்ந்துகொண்டே போகும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் எப்போது பிரித்தார்கள் என்று சொல்லிவிடலாம். துடைத்த துணிகளில் கிடைத்த துகள்கள் ஒரே வயதைச் சொல்லவில்லை. 1989, 1990, 1991 என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்ததைக் காட்டின. விவகாரம் முற்றி, 1993 மார்ச்சில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக வட கொரியா அறிவிக்கும் வரை போனது. ஒரு துணித் துண்டும் ஒழுங்காகச் செய்த வேதிப் பிரிப்பும் ஒரு அரசாங்கத்தின் கூற்றை எதிர்த்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும்.

அசுத்தங்களைப் பார்க்கும் வேலையில்தான் நான் என் பெரிய தவறைச் செய்தேன். அதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கல்பாக்கம் மின் நிலையத்தில் ஓடுவது போன்ற கனநீர் உலைகளுக்கு இயற்கை யுரேனியம்தான் எரிபொருள். நியூட்ரான் கைவசம் அதிகம் இருக்காது. போரான் நியூட்ரானைப் பேராசையோடு விழுங்கும். ஆகவே எரிபொருளில் அது ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குக்கூட இருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். ஒரு தொகுதியில் போரான் கூடுதலாக வந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. இரண்டும் ஒத்துப்போனதால் சரியென்று நம்பி அறிக்கை கொடுத்துவிட்டேன். தொகுதியை நிறுத்தி வைத்தார்கள். நான்காம் நாள் எங்கள் பிரிவில் இருந்த மூத்த பெண் வேதியியலாளர் ஒருவர் என் மேசைக்கு வந்து நோட்டைப் புரட்டினார். “பிளாங்க் எதில் செய்தீங்க?” என்றார். மாதிரியைச் சேர்க்காமல் மற்றதெல்லாம் அப்படியே செய்து பார்ப்பதுதான் பிளாங்க்.

“குவார்ட்ஸ் பீக்கர்ல, மேடம்.”

“சாம்பிள்?”

அப்போதுதான் உறைத்தது. குவார்ட்ஸ் பீக்கர்கள் போதாமல் மாதிரிகளுக்குச் சாதாரண ஆய்வகக் கண்ணாடிப் பீக்கரை எடுத்திருந்தேன். அது போரோசிலிகேட் கண்ணாடி. பெயரிலேயே போரான். சூடான அமிலம் கண்ணாடியிலிருந்து போரானைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. பிளாங்க் மட்டும் குவார்ட்ஸில் இருந்ததால் அது சுத்தமாக வந்து என்னை ஏமாற்றியது. அவர் திட்டவில்லை. “ரெண்டு தடவை ஒரே நம்பர் வந்தா சரின்னு அர்த்தமில்லை, ஒரே தப்பை ரெண்டு தடவை செஞ்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அறிக்கையைத் திரும்பப் பெற்று, காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அப்படியே அந்த நோட்டில் இருக்கிறது. கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் தேதியும் கையொப்பமும்.

இதே போரான் கூடங்குளத்தில் வேறு வேடம் போடுகிறது. அங்கே உலையைச் சுற்றும் நீரில் போரிக் அமிலத்தை வேண்டுமென்றே லிட்டருக்குக் கிராம் கணக்கில் கலக்கிறார்கள், உலையின் வீரியத்தைக் கட்டுப்படுத்த. அதை அளப்பது மேனிடால் சேர்த்துச் செய்யும் எளிய டைட்ரேஷன். உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லுங்கள்.

கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் பகுப்பாய்வு வேதியியலுக்கு அது ஒரு தனிப் பள்ளிக்கூடம். 1985 அக்டோபர் 18-இல் அங்கே இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையின் (நியூட்ரானின் வேகத்தைத் தணிக்காமல் ஓட்டும் உலை) முதல் எரிபொருள் 70% புளூட்டோனியம் கார்பைடும் 30% யுரேனியம் கார்பைடும். அந்தக் கலவையை முதன்மை எரிபொருளாக உலகில் வேறு யாரும் ஓட்டியதில்லை. பகுப்பாய்வு செய்பவருக்கு இதன் அர்த்தம் என்ன? ஒப்பிட்டுப் பார்க்க அதே கலவையில் சான்றளித்த ஸ்டாண்டர்டு கடையில் கிடைக்காது. கார்பைடுத் தூள் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும், ஆகவே மந்த வாயு நிரம்பிய பெட்டி. நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் கார்பனில் ஒரு பகுதி ஆக்சாலிக், மெல்லிட்டிக் போன்ற கரிம அமிலங்களாக மாறிக் கரைசலிலேயே தங்கி அடுத்த படிகளைக் கெடுக்கும். முதலில் அவற்றை அழிக்க வேண்டும். புத்தகத்தில் விடை இல்லாத கேள்விகள். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். அந்த எரிபொருள் பின்னர் டன்னுக்கு ஒரு லட்சம் மெகாவாட் நாள் எரிப்பைத் தாண்டியது (ஒரு டன் எரிபொருள் தந்த வெப்ப ஆற்றலின் கணக்கு இது). எவ்வளவு எரிந்தது என்பதையும் வேதியியல்தான் சொல்ல வேண்டும்: பிளவில் உண்டாகும் நியோடிமியம்-148 இடம்பெயராமல் நிற்கும், யுரேனியம் பிளந்தாலும் புளூட்டோனியம் பிளந்தாலும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் உண்டாகும். அதை மற்ற லாந்தனைடுகளிலிருந்து பிரித்து எண்ணினால் எத்தனை அணுக்கள் பிளந்தன என்று தெரியும். அப்புறம் உலையைக் குளிர்விக்கும் சோடியம். அதில் நுழையும் ஹைட்ரஜனைச் சிறு அளவிலேயே கண்டுபிடித்தால், நீராவிக் குழாயில் கசிவு தொடங்கியதை முன்கூட்டியே அறியலாம். அதற்கான உணர்விகளைச் செய்ததும் வேதியியலாளர்களே.

வீட்டில் இருப்பவர்களின் பயத்துக்கு வருகிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொல்கிறேன். புளூட்டோனியத்தின் ஆல்பா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும், தோலைத் தாண்டாது. மூச்சோடு நுரையீரலுக்குள்ளோ, காயம் வழியாக ரத்தத்துக்குள்ளோ போனால்தான் கேடு. ஆகவே க்ளவ் பாக்ஸுக்குள் ஊசி, உடைந்த கண்ணாடி, கூர்மையான கத்தரி எதற்கும் அனுமதி கிடையாது. வெளிப்புறக் கதிர்வீச்சை மார்பில் குத்தியிருக்கும் டிஎல்டி அட்டை பதிவு செய்துகொண்டே இருக்கும். உடலுக்குள் ஏதும் போயிருக்கிறதா என்று சிறுநீர்ப் பரிசோதனை உண்டு, முழு உடல் கதிரளவீடும் உண்டு. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட், தொடர்ந்து ஐந்து ஆண்டுகளில் 100. உலகில் சராசரி மனிதருக்கு இயற்கையே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கொடுக்கிறது. தோரியம் கலந்த மணல் உள்ள மணவாளக்குறிச்சிக் கரையில் அதைவிடக் கூடுதல். கருவுற்றிருக்கும் பெண் ஊழியர்களுக்குத் தனி வரம்பு, மிகக் குறைவானது. தெரிவித்தவுடன் வேறு பணிக்கு மாற்றிவிடுவார்கள். என் அனுபவத்தில் நான் அதிகம் பயந்தது கதிர்வீச்சுக்கு அல்ல, ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்துக்கு. புளூட்டோனியம் ஆக்சைடைக் கரைக்க நைட்ரிக் அமிலத்தோடு அது கொஞ்சம் வேண்டும். தோலில் பட்டால் முதலில் வலிக்காது, உள்ளே எலும்பு வரை போகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பாட்டிலைத் திறப்பேன்.

சேரும் வழிகள். பாபா அணு ஆராய்ச்சி மையப் பயிற்சிப் பள்ளி 1957-இல் தொடங்கியது. இன்றைக்கும் பெரிய வாசல் அதுதான். எம்.எஸ்சி. வேதியியலில் 60% வேண்டும், பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26. எழுத்துத் தேர்வு அல்லது கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வழியாக வடிகட்டி நேர்முகத்துக்கு அழைப்பார்கள். அங்கே நீங்கள் அதிகம் அறிந்த பாடத்தைக் கேட்டுவிட்டு அதன் அடிவேர் வரைக்கும் தோண்டுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரை அவர்களுக்குப் பிடிக்கும். ஒரு வருடப் பயிற்சி, உதவித்தொகையோடு. கல்பாக்கத்திலும் பயிற்சிப் பள்ளி உண்டு. முடித்தால் விஞ்ஞான அதிகாரி ‘சி’ நிலை, ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடக்கம். மூன்று வருடம் பணியாற்ற ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். காலியிடம் இருந்தால்தான் பதவி உயர்வு என்று இங்கே இல்லை, வேலையின் தகுதியைப் பார்த்து நேர்முகம் வைத்து உயர்த்துவார்கள். இன்னொரு வாசல், ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் கீழ் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையாளர்) ஆகச் சேர்ந்து முனைவர் பட்டம். பி.எஸ்சி.யோடு நிறுத்தியவர்கள் உதவித்தொகைப் பயிற்சியாளர் வழியாக வரலாம். எங்கள் ஆய்வகத்தின் மிகத் திறமையான கைகளில் சில அப்படி வந்தவை. ஹைதராபாத்தில் அணு எரிபொருள் வளாகத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகமும் அணுக் கனிம இயக்ககமும் உண்டு, அங்கும் இதே படிப்புதான் கேட்கிறார்கள். வெளிநாட்டில் ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டார்ஃபில் பன்னாட்டு முகமையின் ஆய்வகங்கள் இருக்கின்றன; அனுபவம் சேர்ந்த பிறகு முயலலாம். அமெரிக்காவின் ஆயுத ஆய்வகங்களில் இந்த மாதிரி வேலைக்குப் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள்.

காவல்துறைச் சரிபார்ப்புக்கு மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். சேர்ந்த பிறகும் சில கஷ்டங்கள் உண்டு. செய்த வேலையை வீட்டில் விவரித்துச் சொல்ல முடியாது. கட்டுரை எழுதினால் வெளியிட அனுமதி வாங்க வேண்டும், சிலவற்றை வெளியிடவே முடியாது. கருவியில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டால் வெளியே அரை மணி நேர வேலை, க்ளவ் பாக்ஸுக்குள் இரண்டு நாள். உலையோ ஆலையோ ஓடும்போது இரவுப் பணியும் வரும். ஒரே மாதிரி வேலையை ஆயிரமாவது முறை செய்யும்போது முதல் முறை செய்த கவனம் வராவிட்டால் இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. நல்ல மாணவர்கள் சிலர் இதனாலேயே விலகிப் போய் மருந்து நிறுவனங்களிலும் வேறு ஆராய்ச்சியிலும் சிறப்பாக இருக்கிறார்கள். ஐசிபி-எம்எஸ் (மிகச் சிறு அளவிலுள்ள தனிமங்களை அளக்கும் கருவி) கையாளத் தெரிந்தவருக்கு எங்கும் வேலை உண்டு.

உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டும் டைகுரோமேட்டும் நிச்சயம் இருக்கும். ஒரே கரைசலைப் பத்து முறை டைட்ரேட் செய்யுங்கள். முடிந்தால் கன அளவில் அல்ல, எடையில். ஒவ்வொரு நாளும் பிளாங்க் ஒன்று, மாதிரிக்கு எடுத்த அதே வகைப் பாத்திரத்தில். சராசரியும் திட்ட விலக்கமும் போடுங்கள். பத்தில் ஒன்று ஒட்டாமல் நிற்கும். அதை அடித்துவிட ஆசை வரும். அடிக்காமல் அது ஏன் அப்படி வந்தது என்று ஒரு நாள் செலவழித்துத் தேடுங்கள். பத்து எண்களையும், அந்த ஒன்றைப் பற்றி நீங்கள் கண்டதையும் எழுதி அனுப்புங்கள். நான் பார்க்கிறேன்.